ஒரே பந்தி: வீடுகளில் கூடும் சபைகள்

கிறிஸ்தவம் தன் முதல் இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகளைக் கோபுரமோ மணிக்கூண்டோ இல்லாமலேயே கடந்தது. எருசலேமின் முதல் விசுவாசிகள் தேவாலய வளாகத்துக்குப் போய் ஜெபித்தார்கள். அப்பம் பிட்டது வீடுகளில். பேதுரு சிறையிலிருந்து தப்பிய இரவில் நேராக வந்து நின்றது, மாற்கு எனப்பட்ட யோவானின் தாய் மரியாளுடைய வீட்டு வாசலில். உள்ளே பலர் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். பிலிப்பியில் இரத்தாம்பரம் விற்ற லீதியாள், எபேசுவிலும் பிறகு ரோமிலும் தங்கள் வீட்டில் சபையை வைத்திருந்த ஆக்கில்லா–பிரிஸ்கில்லாள் தம்பதி, லவோதிக்கேயா பக்கத்து நிம்பா, கொலோசெ ஊர் பிலேமோன் என்று, அப்போஸ்தலர் நடபடிகளிலும் பவுலின் நிருபங்களிலும் வரும் பெயர்களில் பலவும் வீட்டைத் திறந்துவிட்டவர்களின் பெயர்கள்.

இந்த வழக்கம் ஒரு காலத்திலும் முற்றாக ஒழியவில்லை. இன்று ஹெனான் மாகாணத்துக் கிராமத்திலும் சென்னைப் புறநகரின் வாடகை வீட்டிலும் அது நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் சட்டென்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஆதிச் சபையின் தூய வடிவம் இதுதான், மற்றதெல்லாம் பிற்காலத்து ஒட்டுவேலை என்கிறது ஒரு கட்சி. பொறுப்பும் ஒழுங்கும் இல்லாத தனிக்கூட்டம் என்று ஒதுக்குகிறது மற்றது. இரண்டு பேரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. வீடு என்கிற இடம் ஆராதனைக்கு என்ன செய்கிறது? என் பதில் இது: வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து உண்பதும், வந்தவர்கள் எல்லாரும் வாய் திறப்பதும் வீடு தரும் இரண்டு கொடைகள். இந்த இரண்டும் போய்விட்டால், கூடுகிற இடம் வீடாகவே இருந்தாலும் நடப்பது நாற்காலி குறைந்த ஆலய ஆராதனைதான்.

இதற்குப் பழைய சாட்சி கொரிந்து சபை. கிறிஸ்தவக் கூடுகை ஒன்று எப்படி நடந்தது என்பதைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விவரமே, பவுல் அந்தச் சபைக்கு எழுதிய நிருபத்திலுள்ள ஒரு புகார்தான். கர்த்தருடைய பந்திக்கென்று கூடிவந்தவர்களில் சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள். சிலர் குடித்து வெறிக்கிறார்கள். பின்னால் வருகிறவர்கள் பசியோடு நிற்கிறார்கள். வேலைக்காரர்களும் அடிமைகளும் தங்கள் நேரத்துக்கு வர முடியாது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் காட்சி தெளிவாகிவிடும். பவுல் கோபத்தோடு எழுதுகிறார், ஆனால் அவர் சொல்லும் தீர்வு மிக எளியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். சில அதிகாரங்கள் தள்ளி அதே நிருபத்தில் இன்னொரு பக்கம் தெரிகிறது. கூடிவருகிற ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஒருவரிடம் பாட்டு, ஒருவரிடம் போதகம், ஒருவரிடம் வெளிப்பாடு. இரண்டு மூன்று பேர் பேசட்டும், இன்னொருவருக்கு ஏதாவது தோன்றினால் முன்னவர் அமரட்டும் என்று அவர் வரிசை வகுக்கிறார். பேசுவதற்கு ஆள் இல்லாத கூட்டத்துக்கு யாரும் இப்படி விதி எழுத மாட்டார்கள்.

அந்தக் கூட்டங்கள் எவ்வளவு பெரியவை என்பதில் ஆய்வாளர்களிடையே நல்ல சர்ச்சை உண்டு. ஜெரோம் மர்ஃபி-ஓ'கானர் 1983இல் வெளியான தன் நூலில், கொரிந்துக்கு அருகே அனப்லோகாவில் தோண்டியெடுக்கப்பட்ட செல்வர் வீடொன்றின் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டார். சாய்ந்து உண்ணும் அறையில் ஒன்பது பேர், முற்றத்தில் முப்பது நாற்பது பேர். ஆகவே ஐம்பதுக்கு மேல் தாங்காது. உள்ளறையில் செல்வரும் முற்றத்தில் மற்றவரும் என்று பந்தி பிரிந்ததற்கு வீட்டின் அமைப்பே காரணம் என்பது அவர் வாதம். பலருக்கு இது பிடித்துப்போயிற்று. ஆனால் முதல் விசுவாசிகளில் எத்தனை பேருக்கு அப்படிப்பட்ட வீடு இருந்திருக்கும்? ராபர்ட் ஜூவெட் அடுக்குக் குடியிருப்பின் நெருக்கடியான அறைகளைச் சுட்டினார். பொம்பேயி வீடுகளை ஆராய்ந்த பீட்டர் ஓக்ஸ், 2009இல், ஒரு கைவினைஞர் வீட்டில் கூடிய முப்பது பேர் அளவிலான சபையை வரைந்து காட்டினார். எட்வர்ட் ஆடம்ஸ் 2013இல் இன்னும் ஒரு படி போய், வீடுதான் ஒரே இடம் என்ற எண்ணத்தையே கேள்வி கேட்டார்: கடை, பட்டறை, களஞ்சியம், சத்திரம், தோட்டம், எதில் வேண்டுமானாலும் கூடியிருக்கலாமே! எனக்கு ஓக்ஸின் வீடு மிக நம்பகமாகத் தோன்றுகிறது. ஆடம்ஸின் எச்சரிக்கையும் நியாயமானது. துரோவாவில் பவுல் பேசிக்கொண்டிருக்க மூன்றாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி விழுந்த ஐத்திகுவின் கதை செல்வர் மாளிகையை நினைவூட்டுவதில்லை. ஆள் நெருக்கமும் விளக்குப் புகையும் நிறைந்த மாடியறையைத்தான் நினைவூட்டுகிறது.

வீட்டைப் புகழ்கிறவர்கள் எளிதில் கடந்துபோகும் ஒன்று உண்டு. வீட்டுக்கு ஒரு எஜமான் இருக்கிறார். பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதம் அவருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. அவர் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே முகவரியிடப்பட்டிருக்கிறது. அடிமை ஒநேசிமு திரும்பி வருகிறான், அவனை அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்பது வேண்டுகோள். இதைத் தனியாகச் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் ஆராதிக்கிறவர்கள் எல்லாரும் கேட்கும்படி பவுல் சொல்கிறார். வீட்டுத் தலைவர் தன் வீட்டுச் சபைக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வருகிறார். வீட்டுச் சபையின் இரண்டாயிர ஆண்டுச் சிக்கலும் அதற்கான முதல் மருந்தும் அந்தச் சின்னக் கடிதத்தில் இருப்பதாகவே நினைக்கிறேன்.

பந்தி எப்படி மெல்ல விலகிப்போயிற்று என்பதையும் ஆவணங்கள் காட்டுகின்றன. கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், பிறகு கலைந்து மறுபடியும் உணவுக்குக் கூடுகிறார்கள் என்கிறார். சங்கங்களைத் தடை செய்து தாம் ஆணையிட்ட பின் அந்த உணவுக் கூட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்றும் சொல்கிறார். ஆக, அரசின் கண்ணை முதலில் உறுத்தியது பந்திதான். ரோமில் கிறிஸ்தவப் போதகர் ஜஸ்டின் விசாரணைக்கு நின்றபோது, எங்கே கூடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டது. ஒரு குளியலகத்துக்கு மேலே தாம் குடியிருப்பதாகவும், விரும்பி வருகிறவர்களுக்கு அங்கே போதித்ததாகவும் அவர் பதில் சொன்னார். ஞாயிறு கூடுகையைப் பற்றி அவர் விட்டுச்சென்ற விவரத்தில் வாசிப்பு, அறிவுரை, எழுந்து நின்று ஜெபம், அப்பமும் திராட்சரசமும், வராதவர்களுக்குப் பங்கை எடுத்துச் செல்லும் உதவிக்காரர்கள், விதவை, அனாதை, நோயாளி, கைதிகளுக்கான காணிக்கை எல்லாம் இருக்கின்றன. வராதவர் யார் என்று தெரிந்திருக்கிற அளவுக்கு அது சிறிய கூட்டம். இரண்டாம் நூற்றாண்டின் முடிவில் கார்த்தேஜில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் சொல்லும் அன்பின் விருந்தில் (சபையார் சேர்ந்து உண்ணும் பந்தி), உண்டு கைகழுவி விளக்கேற்றிய பின், ஒவ்வொருவரையும் நடுவே அழைத்து, வேதத்திலிருந்தோ சொந்த உள்ளத்திலிருந்தோ பாடச் சொல்கிறார்கள். பந்தியும் வாய் திறப்பும் இங்கே ஒரே மூச்சில் நடக்கின்றன.

இந்த மாற்றத்தைக் கல்லிலும் சாந்திலும் பார்க்க முடிகிற இடம் துரா-யூரோப்போஸ். சிரியாவில் யூப்ரட்டீஸ் கரையிலிருந்த ரோம எல்லைப் பட்டணம் அது. 256இல் சாசானியப் படை முற்றுகையிட்டபோது, மதிலைப் பலப்படுத்த நகரத்தார் மதிலோர வீடுகளின் மேல் மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். அப்படிப் புதைந்த வீடுகளில் ஒன்றை யேல் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் 1930களின் தொடக்கத்தில் தோண்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெருவின் மற்ற வீடுகளைப் போலத்தான்: ஒரு வாசல், நடுமுற்றம், சுற்றிலும் அறைகள். 232–233 ஆண்டைக் குறிக்கும் கிறுக்கல் ஒன்று சாந்தில் இருக்கிறது. அதன் பிறகு சில ஆண்டுகளில், அறுபது எழுபது பேர் உட்காரும்படி, இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்து ஒரே நீளக்கூடமாக்கினார்கள். ஒரு கோடியில் தாழ்வான மேடை எழுப்பினார்கள். இன்னொரு சின்ன அறையில் ஞானஸ்நானத் தொட்டி, அதன் மேல் வில்வளைவான கூரை, சுவர்களில் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன், படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் திமிர்வாதக்காரன், தண்ணீர் மேல் நடக்கும் இயேசு. இயேசுவை ஓவியத்தில் காட்டியவற்றில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றுள் இவையும் சேரும். இப்போது அமெரிக்காவில் யேலின் கலைக்கூடத்தில் இருக்கின்றன. இந்த ஓவியங்களைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. என் கண் போவது கூடத்தின் தரைக்கு. இடித்துச் சேர்த்த அறைகளில் பெரியது, விருந்தினர் உட்கார்ந்து உண்ணுவதற்கென்று சுவரோரத் திண்ணைகள் வைத்துக் கட்டியது. புதிய கூடத்தின் தரையை உயர்த்தியபோது அந்தத் திண்ணைகள் தரைக்கடியில் போய்விட்டன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்காரும் அறை, எல்லாரும் மேடையைப் பார்க்கும் அறையாயிற்று. வீடு அப்படியே நின்றது. உட்காரும் திசை மாறிவிட்டது.

கான்ஸ்டன்டைன் காலத்துக்குப் பிறகு மீதி வேலை வேகமாக முடிந்தது. நான்காம் நூற்றாண்டில் கூடிய லவோதிக்கேயா சங்கத்தின் விதிகளில் ஒன்று, ஆலயத்துக்குள் அன்பின் விருந்து நடத்தக் கூடாது என்கிறது. இன்னொன்று, வீடுகளில் நற்கருணை நடத்தக் கூடாது என்கிறது. பந்தி ஆலயத்துக்குள் வரக் கூடாது, ஆராதனை வீட்டுக்குள் போகக் கூடாது. ஒன்றாக இருந்ததை அந்த இரண்டு விதிகளும் இரண்டாக வெட்டிவிட்டன.

அதன் பின் ஐரோப்பாவில் வீட்டுக் கூடுகை திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. உண்மையாகக் கிறிஸ்தவராக இருக்க விரும்புகிறவர்கள் தனியே ஒரு வீட்டில் கூடி ஜெபித்து வாசித்து அப்பம் பிடலாம் என்று லூதர் 1526இலேயே எழுதினார். அதற்கேற்ற ஆட்கள் தம்மிடம் இல்லை என்று விட்டும்விட்டார். இங்கிலாந்து 1664இல், ஒரே வீட்டாரைத் தவிர ஐந்து பேருக்கு மேல் அரசு திருச்சபைக்கு வெளியே வழிபாட்டுக்காகக் கூடுவதைக் குற்றமாக்கியது. 1670இல் பிராங்க்ஃபர்ட்டில் போதகர் ஸ்பேனர் தம் வீட்டில் வாசிப்பு–உரையாடல் கூட்டத்தைத் தொடங்கினார். 1675இல் எழுதிய நூலில், கொரிந்தியருக்குப் பவுல் சொன்ன அந்தப் பலர் பேசும் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார். அவர் வழியில் வளர்ந்த ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்திலிருந்துதான் சீகன்பால்கும் புளுட்சாவும் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார்கள். தமிழகப் புராட்டஸ்டண்டு மரபின் வேரில் ஒரு வீட்டுக் கூட்டம் இருக்கிறது என்பதை நம் சபை வரலாறுகள் இன்னும் அழுத்தமாகச் சொல்லலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியை உயிர்ப்பிரச்சினையாக்கியது சீனா. 1950களில் புராட்டஸ்டண்டு சபைகள் அரசின் ஆதரவு பெற்ற மூன்று-சுய தேசபக்தி இயக்கத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. சேர மறுத்த பெய்ஜிங் போதகர் வாங் மிங்தாவ் 1955இல் கைதானார். இடையில் கொஞ்ச காலம் தவிர 1980 வரை சிறை. தமிழ்க் கிறிஸ்தவ வாசகர்கள் மொழிபெயர்ப்பில் படித்துப் பழகிய வாட்ச்மன் நீ 1952இல் கைதாகி, 1972இல் உழைப்பு முகாமில் இறந்தார். 1966இல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியதும் அரசு அங்கீகரித்த ஆலயங்களும் மூடப்பட்டன. பத்து ஆண்டுகளுக்கு அந்த நாட்டில் வெளிப்படையாகத் திறந்திருந்த ஆலயம் அநேகமாக இல்லை. கிறிஸ்தவம் வீட்டுக்குள் மட்டுமே இருந்தது. ஆலயங்கள் 1979இல் திறந்தபோது, விசுவாசிகள் குறையவில்லை, பெருகியிருக்கிறார்கள் என்பதை உலகம் கண்டது.

அந்தக் கூட்டங்கள் நடந்த விதம் எளியது. போதகர்கள் சிறையில், ஆகவே வாசிக்கத் தெரிந்தவர் வாசித்தார். வேதாகமம் பறிமுதலாகியிருந்தது, ஆகவே கையால் எழுதிய பக்கங்கள் கைமாறின. பாட்டுத் தாழ்ந்த குரலில். பெண்களே பெரும்பான்மை, பல கிராமங்களில் நடத்துகிறவர்களும் அவர்களே. ஊர் விட்டு ஊர் நடந்து போதிக்கும் ஊழியர்கள் இந்தக் கூட்டங்களை ஒன்றோடொன்று இணைத்தார்கள். ஹெனானைச் சேர்ந்த லூ சியாவ்மின் என்ற விவசாயப் பெண், பள்ளிப்படிப்பை முடிக்காதவர், இசைக்குறிப்பு எழுதத் தெரியாதவர், 1990 முதல் பாட்டு கட்டத் தொடங்கினார். அவர் பாட, மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். கானான் பாடல்கள் என்ற பெயரில் ஆயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்ட அந்தப் பாட்டுகள் இன்று சீன மொழி பேசும் சபைகள் எங்கும் ஒலிக்கின்றன. ஒவ்வொருவரிடமும் ஒரு பாட்டு என்று கொரிந்து நிருபம் சொன்னதற்கு நம் காலத்தில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அரசின் நிலை எப்போதும் இருமுகமானது. 1982இல் வெளியான கட்சியின் 19ஆம் ஆவணம், வீட்டுக் கூட்டங்களைக் கொள்கையளவில் அனுமதிக்காமல், நடைமுறையில் கடுமையாகத் தடுக்கவும் சொல்லாமல் விட்டது. அந்த இடைவெளியில்தான் எல்லாம் வளர்ந்தன. குவாங்சோவில், இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து வந்த லின் சியான்காவ் 1979இல் தம் வீட்டில் மீண்டும் தொடங்கிய கூட்டம், மாடி மாடியாக ஆட்கள் நெருக்கி உட்காரும் அளவுக்குப் பெருகியது. 2013இல் இறக்கும்வரை அவர் பதிவு செய்ய மறுத்தார். கிராமத்து மக்கள் வேலை தேடி நகரத்துக்கு வந்தபோது சபையும் கூடவே வந்தது. இதை ஆராய்ந்து 2016இல் காங் ஜியே எழுதிய நூல், நடந்து திரிந்த கிராமத்து ஊழியர் எப்படி அலுவலகமும் அமைப்பும் கொண்ட நகரப் போதகரானார் என்பதை விவரமாகக் காட்டுகிறது. பெய்ஜிங்கின் ஷோவாங் சபை வழிபாட்டுக்கென்று வணிகக் கட்டிடம் ஒன்றில் இடமே வாங்கியது. சாவி கிடைக்காமல் 2011இல் திறந்தவெளியில் கூட முயன்று அடக்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் புதிய மதவிவகார விதிகள் அமலாயின. அந்த ஆண்டு செப்டம்பரில் பெய்ஜிங் சீயோன் சபை மூடப்பட்டது. டிசம்பரில் செங்டு நகரின் ஏர்லி ரெயின் சபைப் போதகர் வாங் யி கைதாகி, ஓராண்டு கழித்து ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சில நூறு பேர் கூடும் கூடத்தை மூட ஒரு பூட்டு போதும். மூடப்பட்டவர்கள் மறுபடியும் பத்துப் பேராகப் பிரிந்து வீடுகளுக்குத் திரும்பினார்கள். அதைத் தோல்வி என்று நான் எழுத மாட்டேன். ஆனால் துன்பத்தை வளர்ச்சிக்கான உரமாக்கிப் பேசும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மனிதர் ஒன்பது ஆண்டு தம் குடும்பத்தைப் பிரிந்து இருப்பது யாருடைய வாதத்துக்கும் சான்றாகப் பயன்படக் கூடாது.

தமிழ் நிலத்தில் வரலாறு வேறு மாதிரி. இங்கே வீட்டுச் சபையைத் தூண்டியது அடக்குமுறையைவிட, பட்டம் பெற்ற குருமார் இல்லாமல் விசுவாசிகள் தாங்களே கூடி அப்பம் பிடலாமா என்ற கேள்விதான். 1833இல் இந்தியா வந்த ஆங்கிலேய மிஷனரி அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ், பிடலாம் என்றார். அவரோடு பழகிய திருநெல்வேலிக்காரர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் 1840இல் கிறிஸ்டியான்பேட்டையில் ஒரு குடியிருப்பை அமைத்தார். வெளிநாட்டுச் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்வது அவர் கொள்கை. 1860இல் அங்கு எழுந்த எழுப்புதலில் ஆண், பெண், சிறியவர் எல்லாரும் வாய் திறந்து ஜெபித்தது மிஷனரிகளுக்கே திகைப்பாக இருந்தது. 1920களில் இலங்கையில் பிறந்த பெந்தெகொஸ்தே மிஷன், ஊழியர்கள் சேர்ந்து வாழும் விசுவாச வீடுகளைச் சுற்றித் தன் சபைகளைக் கட்டியது. 1941 முதல் சென்னையில் பக்த்சிங் தொடங்கிய யெகோவா ஷம்மா சபையில், செருப்பை வாசலில் விட்டு, பாயில் உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஸ்தோத்திரம் சொல்வார்கள். பிறகு அப்பமும் பாத்திரமும். கடைசியில் அன்பின் விருந்து. பஞ்சாபிலிருந்து வந்த முன்னாள் சீக்கியர் தமிழருக்குப் பாயும் பந்தியும் திருப்பிக் கொடுத்தார்.

பந்தி இங்கே சின்ன விஷயமன்று. தரங்கம்பாடி ஆலயத்திலேயே சாதிவாரியாக இடம் பிரிந்திருந்தது. பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து நீக்கச் சொல்லி எழுதியபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரும் கலகம் எழுந்தது. 1847இல் மதுரை அமெரிக்க மிஷன், தன் உபதேசிமார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று அன்பின் விருந்தையே சோதனையாக வைத்தது. மறுத்தவர்கள் பலர் வேலையிலிருந்து விலக்கப்பட்டார்கள். அதிகாரத்தால் ஊட்டிய விருந்து அது, பலன் அரைகுறை. ஆனால் மிஷனரிகள் கண்டுகொண்டது சரி. ஆலய பெஞ்சில் பக்கத்தில் உட்காருவது நம் ஊரில் யாரையும் பெரிதாக மாற்றிவிடுவதில்லை. யார் வீட்டு அடுப்பில் வெந்ததை யார் உண்கிறார் என்பதில்தான் மனம் தெரிகிறது. ஆகவே இன்றைய வீட்டுச் சபை ஒன்றை எடைபோட எனக்குத் தெரிந்த முதல் கேள்வி: இந்தக் கூட்டம் எல்லார் வீட்டிலும் நடக்கிறதா, அல்லது சில வீடுகளில் மட்டும் நடக்கிறதா? தலித் விசுவாசியின் வீட்டுக்கு முறை வரும்போது எத்தனை பேர் வருகிறார்கள், டீயைக் குடிக்கிறார்களா?

அப்படிப்பட்ட கூட்டத்தின் முகம் தமிழ்நாடு முழுக்க அநேகமாக ஒன்றுதான். கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்திருப்பார்கள். ஜமுக்காளம் விரித்து, முட்டிவலிக்காரர்களுக்கு நாலு பிளாஸ்டிக் நாற்காலி. வாசலில் செருப்புக் குவியல். பெண்கள் முக்காடிட்டு ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், குழந்தைகள் எல்லாப் பக்கமும். யாராவது ஒரு அக்கா பாட்டை எடுத்துக் கொடுப்பார். கஞ்சிராவும் கைத்தட்டலும் சேர்ந்துகொள்ளும். பாட்டு முடிந்த இடத்திலிருந்தே எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்கி, அலை அடங்குவது போல் அடங்குவார்கள். பிறகு சாட்சி நேரம். பிள்ளைக்கு வேலை கிடைத்தது, கந்துவட்டிக்காரன் மிரட்டுகிறான், வீட்டுக்காரர் குடியை விட்டு மூன்று மாதம் ஆகிறது, வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். ஒருவர் நோட்டில் ஜெபக்குறிப்பு எழுதிக்கொள்வார். அதன் பிறகு ஊழியரின் செய்தி, காணிக்கைப் பை, முடிவு ஜெபம். கடைசியில் டீயும் சுண்டலும். நன்றிக்கூட்டம் என்றால் சாப்பாடு.

இதில் என் மனம் தங்குவது சாட்சி நேரத்தில். வாரம் முழுக்க யாரும் கருத்துக் கேட்காத ஒரு பெண்மணி எழுந்து ஐந்து நிமிடம் பேசுகிறார். இருபது பேர் இடைமறிக்காமல் கேட்கிறார்கள். அடுத்த வாரம் அதைப் பற்றி விசாரிக்கிறார்கள். மருத்துவமனையில் இரவு துணைக்கு இருக்க ஆள் வேண்டுமா, சாட்சி கேட்ட அண்ணன்தான் போகிறார். கத்தோலிக்கர் இதற்கு முறையே வகுத்திருக்கிறார்கள். தெருவாரியாகக் கூடும் அன்பியங்களில், தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையம் உருவாக்கிய ஏழு படி வேதவாசிப்பு பல இடங்களில் வழக்கில் உண்டு. பகுதியை வாசித்த பின், தன்னைத் தொட்ட சொல்லை ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும், பிறகு மௌனம், பிறகு பகிர்வு, பிறகு, தெருவில் யாருக்கு என்ன செய்வது என்ற முடிவு. பிரசங்கம் கிடையாது. கூச்சப்படுகிறவர்கூட ஒரு சொல்லைச் சொல்லிவிடலாம். பங்குத்தந்தையின் அதிகாரத்துக்குள் இயங்கினாலும், வாய் திறப்பதில் பல சுயாதீன வீட்டுச் சபைகளைவிட அன்பியம் முன்னே இருக்கிறது என்பது என் கணிப்பு. சியோலில் 1964 முதல் யோங்கி சோ தம் பெரும் சபையை வீட்டுக் குழுக்களாகப் பிரித்துப் பெண்களைத் தலைவர்களாக்கியதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பெரிய சபைகளின் வீட்டுக் குழுக்களில் அதன் சாயல் உண்டு.

குறைகளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பந்தி என்று நான் இவ்வளவு நேரம் புகழ்ந்ததைச் சமைக்கிறவர் யார்? வீட்டுக்காரம்மா. செய்தி நடக்கும்போது அவர் அடுப்படியில் நிற்கிறார். சாட்சி சொல்ல அவருக்கு நேரம் வருவதில்லை. முறை வைத்துச் சமைக்கிற, ஆண்களும் பாத்திரம் கழுவுகிற குழுக்கள் உண்டு, ஆனால் குறைவு. அடுத்தது பணம். வீடு ஊழியர் பெயரில், வங்கிக் கணக்கு ஊழியர் பெயரில், அவருக்குப் பின் மகன் என்றால், அது சபையா குடும்பச் சொத்தா என்ற கேள்வி எழத்தான் செய்யும். சகோதர சபைகளைப் போல மூப்பர்கள் பலர் சேர்ந்து பொறுப்பேற்று, கணக்கை வருஷத்துக்கு ஒரு முறையாவது வாசித்துக் காட்டும் இடங்களில் இந்தச் சந்தேகம் எழுவதில்லை. மூன்றாவது இன்னும் கடினமானது. ஆலோசனை என்ற பெயரில் ஊழியர் ஒருவர் எல்லை மீறினால், பேராயமோ மறைமாவட்டமோ இல்லாத வீட்டுச் சபையில் யாரிடம் போய்ச் சொல்வது? மருந்தை நிறுத்து, விசுவாசி என்று ஒருவர் சொல்லி, கேட்டவர் உயிர் போனால் யார் பொறுப்பு? பக்கத்து ஊர்ச் சபைகள் இரண்டு மூன்றோடாவது பதில் சொல்லும் உறவு வைத்துக்கொள்ளாத வீட்டுச் சபையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒநேசிமுவைப் பற்றி எழுத ஒரு பவுல் அந்த வீட்டுக்கு வெளியே இருந்தார் என்பதை நினைக்க வேண்டும்.

கடைசியாகப் பக்கத்து வீடு. தமிழகத் தெருக்களில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் மைக் வைத்து மூன்று மணி நேரம் ஜெபித்தால் சண்டை வரும். சென்னை கே.கே.ஆர். நகர்ச் சபை ஒன்றின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அது நியாயம். ஆனால் சத்தமே இல்லாத கூட்டங்களையும் நிறுத்தச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள் என்பதும் உண்மை. பொது வழிபாட்டுக்கான கட்டிடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்றன 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு ஊராட்சிக் கட்டிட விதிகள். வீட்டில் உறவினரும் நண்பரும் கூடி ஜெபிப்பது அந்த விதிக்குள் வருமா என்பதை ஒட்டி வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. இலங்கையில் 2008இல் புதிய வழிபாட்டிடங்களுக்கு அமைச்சின் ஒப்புதலைக் கட்டாயமாக்கிய சுற்றறிக்கையும் வீட்டு ஜெபங்களை நிறுத்தப் பயன்பட்டது. வீட்டில் பத்துப் பேரை அழைத்துச் சாப்பாடு போட்டு ஜெபிக்க ஒரு குடிமகனுக்கு யார் அனுமதியும் தேவைப்படக் கூடாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்த உரிமைக்காக வாதாடுகிற சபைகள் மைக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டால் வாதத்துக்குப் பலம் கூடும். சில குழுக்கள் வாரம் ஒரு வீடு என்று சுற்றி வருகின்றன. எந்தத் தெருவுக்கும் மாதம் ஒரு முறைக்கு மேல் சத்தம் போவதில்லை. முப்பது பேரைத் தாண்டினால் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து அனுபவசாலித் தம்பதி ஒன்றைப் புதிய வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கூட்டம் நடக்கும் வீட்டின் அக்கம்பக்கத்தாருக்கு, எந்த மதத்தாராக இருந்தாலும், அன்று செய்த சுண்டலில் ஒரு கிண்ணம் போகிறது.